புதன்கிழமை ஆறரை மணி: பல்கலைக்கழக வளாகத்தில் திரைப்படச் சங்கம் நடத்துவது எப்படி

திரைப்படச் சங்கம் தொடங்கப்போகிறோம் என்று என்னைப் பார்க்க வருகிற மாணவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். ஈரான், கொரியா, போலந்து என்று நாடுவாரியாகப் பிரித்து எழுதிய படங்கள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு நான் கேட்பது இதுதான்: எந்தக் கூடம்? எந்தக் கிழமை? பெண்கள் விடுதிக் கதவை எத்தனை மணிக்கு அடைப்பார்கள்? இவற்றுக்குப் பதில் வைத்திருப்பவர்கள்தான் அடுத்த பருவத்திலும் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தென்மாவட்டத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த காலத்திலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறேன். சங்கத்தின் ஆசிரியப் பொறுப்பாளர் என்று ஒரு பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. சங்கத்தில் யாருக்குமே கிடையாது. நாற்காலி தூக்குபவர் முதல் சுவரொட்டி வரைபவர் வரை எல்லோரும் வகுப்பு முடிந்து வருகிற மாணவர்கள்தான்.

சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியவர்கள் 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோதும், 1959இல் நாட்டின் திரைப்படச் சங்கங்களுக்கென ஒரு கூட்டமைப்பு உருவாகி ராய் அதன் தலைவரானபோதும், சங்கங்களின் பெரும்பாடு படச்சுருளைக் கையில் வாங்குவதாக இருந்தது. தூதரகங்களுக்கு எழுதிப் பார்ப்பார்கள். புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தபின் அங்கிருந்து இரவல் கேட்பார்கள். சுருள் வராவிட்டால் அன்றைக்குப் படம் இல்லை. இன்றைக்கு அந்தப் பாடு தீர்ந்துவிட்டது. எந்தப் படமும் மாணவரின் கைப்பேசியில் இருக்கிறது. அதனால்தான் நம் வேலை மாறிவிட்டது என்கிறேன். விடுதிக் கட்டிலில் படுத்தபடியே பார்க்க முடிகிற ஒன்றுக்காக ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டு கூடம்வரை நடந்து வருகிறார். அவர் வந்ததற்கு ஏற்ற இருட்டும் ஒலியும் கிடைக்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

கிழமையும் கதவும்

ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். பிறகு அதை அசைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வசதி என்று முதலில் தோன்றும். ஆனால் வெள்ளி மாலை விடுதியில் பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். திங்கட்கிழமை, போனவர்கள் திரும்பிய அலுப்பில் இருப்பார்கள். எங்களுக்குப் புதன் அமைந்தது. மழை கொட்டினாலும், ஆறு பேர்தான் வந்தாலும், புதன் ஆறரைக்குக் கூடத்தின் விளக்கு அணையும். ஆள் குறைவு என்று ஒரு வாரம் ரத்து செய்துபாருங்கள், அடுத்த வாரமே “இன்றைக்குப் படம் உண்டா?” என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு வர வேண்டிய நிலை வந்தால், பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள், வரவும் மாட்டார்கள்.

நேரத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை. விடுதிக் கதவு தீர்மானிக்கிறது. எங்கள் வளாகத்தில் பெண்கள் விடுதிக் கதவு எட்டரைக்கு அடைபடும். கூடத்திலிருந்து விடுதிக்குப் பத்து நிமிட நடை. எட்டு பத்துக்காவது விளக்கு எரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆறரையிலிருந்து நமக்கு 100 நிமிடம். அறிமுகத்துக்கும், தாமதமாக வருகிறவர்கள் உட்காருவதற்கும் ஐந்து நிமிடம் கழித்தால் 95. அதற்கு மேல் ஓடும் படம் புதன்கிழமைக்கு ஆகாது. ‘சைக்கிள் திருடர்கள்’ 89 நிமிடம், அடங்கிவிடும். ‘ஏழு சாமுராய்’ 207 நிமிடம். அதை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பல வளாகங்களில் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. ஏழு மணிக்கு இரண்டரை மணி நேரப் படத்தைத் தொடங்கிவிடுவார்கள். எட்டே காலுக்குப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடப்பக்க வரிசைகள் எழுந்து வெளியே போகும். இரண்டு மாதம் கழித்து, “பெண்கள் நல்ல சினிமா பார்க்க வருவதில்லை” என்று செயலாளர் வருத்தப்படுவார். முடிவைப் பார்க்காமல் ஓட வேண்டியிருந்தால் அவர்தான் வருவாரா? பருவம் தொடங்கும்போதே முழுப் பட்டியலையும், ஒவ்வொரு படத்தின் நிமிடக் கணக்கோடு, இரு விடுதிகளின் வார்டன்களுக்கும் கொடுத்துவிடுங்கள். சொன்ன நேரத்தில் நான்கைந்து வாரம் தொடர்ந்து முடித்துக்காட்டினால், ஞாயிற்றுக்கிழமை நீண்ட படத்துக்கு அரைமணி கூடுதல் அனுமதி கேட்கும்போது மறுக்க மாட்டார்கள். ஊரிலிருந்து வந்து போகிற மாணவர்களுக்குக் கடைசி டவுன் பஸ் எப்போது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்குப் பத்துப் படம் போதும். அகமதிப்பீட்டுத் தேர்வு வாரங்களை முன்கூட்டியே விட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள். முன்பே அறிவித்த விடுமுறையை யாரும் ரத்தாக எண்ணுவதில்லை.

இடைவேளை பற்றி ஒரு சொல். இடைவேளையை எண்ணி எடுத்த படங்களுக்கு அது எழுதப்பட்ட இடத்திலேயே விடலாம். ‘ஏழு சாமுராய்’ படத்துக்கும் அதற்கென்றே ஓர் இடைவேளை உண்டு. மற்றப் படங்களை, சுண்டல் விற்க வேண்டும் என்பதற்காக நடுவில் வெட்டாதீர்கள்.

கூடம்

குளிரூட்டப்பட்ட பெரிய அரங்கத்தைக் கேட்டு மனு எழுதாதீர்கள். ஒரு கருத்தரங்கு வந்தால், ஒரு பட்டமளிப்பு ஒத்திகை வந்தால், உங்கள் புதன்கிழமைதான் முதலில் பறிபோகும். தவிர, எண்ணூறு இருக்கைகளில் அறுபது பேர் சிதறி உட்கார்ந்தால் கூடம் துக்க வீடு போலிருக்கும். ஏதாவது ஒரு துறையின் படிக்கட்டு வரிசை வகுப்பறையைக் கேளுங்கள். நூறு பேர் கொள்ளும் அறையில் அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்த கூட்டம்; ஒருவர் சிரித்தால் மற்றவருக்குக் கேட்கும். எங்களுக்கு வேதியியல் துறையின் பழைய வகுப்பறை வாய்த்தது. ஆசிரியர் மேடையில் ஆய்வுக்கூட மேசை ஒன்று நகர்த்த முடியாதபடி நிற்கிறது. அதனால் ஒரு குறையும் இல்லை. அறிமுகம் செய்பவர் சாய்ந்துகொள்ள உதவுகிறது.

பகலில் போய் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகியபின் வெளிச்சம் எங்கெங்கே கசிகிறது என்று தெரியும். ஜன்னல்களை எல்லோரும் கவனிப்பார்கள். உச்சியில் இருக்கிற வென்டிலேட்டர்களையும், கதவில் பதித்த கண்ணாடியையும் மறந்துவிடுவார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் ஆறரை மணிக்கும் வானம் வெளுத்துத்தான் இருக்கும். கறுப்புக் காடாத்துணியை இரண்டாக மடித்துத் தைத்து, ஓரங்களில் வெல்க்ரோ ஒட்டி வைத்துக்கொண்டால் ஏணியோடு இருவர் கால்மணியில் மாட்டிவிடலாம். வெளியேறும் வழியை மட்டும் துணியால் மூடாதீர்கள். படம் ஓடும்போது எந்தக் கதவையும் பூட்டவும் கூடாது. கதவுக்கு மேல் எரியும் சின்னப் பச்சை விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று யாராவது சொன்னால், உறுத்தட்டும் என்று விட்டுவிடுங்கள்.

சுவரிலேயே படம் போடலாம். பளபளப்பில்லாத வெள்ளை பூசியிருந்தால் போதும். தரை சமமாக இருக்கிற அறை என்றால், திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து நான்கடிக்குக் குறையக் கூடாது. உட்கார்ந்திருப்பவரின் தலை ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கும். வசன எழுத்துகளோ (சப்டைட்டில்) திரையின் அடியில்தான் வரும். இதைச் சரிபார்க்க முதல் வரிசையில் உயரமான ஒருவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் மூன்றாம் வரிசையில் உட்காருங்கள்.

புரொஜெக்டரை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, படம் சரிவகமாக விழுந்ததும் ரிமோட்டில் கீஸ்டோனைத் தட்டி நேராக்குவது பலருக்கும் பழக்கம். அதில் படத்தின் கூர்மை போய்விடும். கருவியையே திரைக்கு நேராக நகர்த்துங்கள். பட அமைப்பில் ‘டைனமிக்’ என்று இருந்தால் முகமெல்லாம் பச்சை பாயும், ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். பத்தடி அகலத் திரைக்கு, அறை நல்ல இருட்டாக இருந்தால், 3000 லூமென் வெளிச்சம் போதும். இருட்டு இல்லையென்றால் 6000 லூமென் வாங்கியும் பயனில்லை. அந்தப் பணத்துக்குத் துணி வாங்கலாம்.

பழைய படங்களைத் திரை முழுதும் நிரம்புமாறு இழுத்துவிடுவதைப்போல என்னைக் கோபப்படுத்துவது வேறில்லை. 1950களின் தொடக்கம்வரை பெரும்பாலான படங்கள் ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இருபுறமும் கறுப்புப் பட்டை நிற்கத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் படத்தில் ஒரு சக்கரத்தைத் தேடுங்கள். சைக்கிள் சக்கரம், மாட்டுவண்டிச் சக்கரம், எதுவானாலும் சரி. அது வட்டமாக இருந்தால் அளவு சரி. முட்டை வடிவில் இருந்தால் தவறு.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது: சீலிங் ஃபேன். கடைசி வரிசையில் புரொஜெக்டரை உயர்த்தி வைத்தால், நடுவில் தொங்குகிற ஃபேனின் இறக்கைகள் ஒளியை வெட்டும். திரையின் மேல் ஓரத்தில் மட்டும் படபடவென்று ஒரு நடுக்கம் தெரியும். படப் பிரதியே கெட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு ஃபேனை நிறுத்திவிட்டு, அதன் கீழ் இருக்கைகளைக் காலியாக விடுங்கள். அல்லது கருவியை ஒரு படி கீழே இறக்குங்கள்.

ஒலி

படம் மங்கலாக இருந்தால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காவிட்டால் இருபதாவது நிமிடத்தில் கைப்பேசிகள் ஒளிரத் தொடங்கும். ஆனாலும் புதுச் சங்கங்கள் கையிலிருக்கும் பணத்தைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டு, ஒலிக்குக் கணினியோடு வந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்துக்கொள்கின்றன.

பல்கலைக்கழகக் கூடங்களில் இருப்பவை சொற்பொழிவுக்காக மாட்டிய சுவர் ஒலிபெருக்கிகள். பேச்சுக்கு அவை மோசமில்லை. இசை வந்தால் தகரம் தட்டும். ஆம்பிளிஃபயரில் கீழ்ஸ்தாயியைச் சற்று ஏற்றி, மேல்ஸ்தாயியைக் குறைத்துப் பாருங்கள். முடிந்தால் திரைக்கு இரு பக்கமும், காது உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு நல்ல பெட்டிகளை வைத்துக்கொண்டு சுவர்ப் பெட்டிகளை அணைத்துவிடுங்கள். குரல் திரையிலிருந்து வருவதும் பின்சுவரிலிருந்து வருவதும் ஒன்றல்ல.

அடிக்கடி வருகிற நோய்கள் மூன்று. பின்னணி இசை முழங்குகிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகக் கேட்கிறது என்றால், கோப்பில் ஆறு தட ஒலி இருக்கிறது என்று பொருள். அதில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பதோ இடமும் வலமும் மட்டும். படம் ஓட்டும் மென்பொருளின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’வைத் தேர்ந்தெடுத்தால் நடுத் தடமும் இவ்விரண்டில் கலந்து வரும். அடுத்தது, ஒலிபெருக்கி விடாமல் ‘ம்ம்ம்’ என்று முனகுவது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; முனகல் நின்றால் எர்த் இணைப்பில் சுழற்சி. ஒலிக்கம்பியின் நடுவில் மாட்டுகிற சிறிய தனிப்படுத்தும் கருவி மின்னணுக் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். மூன்றாவது, ஒலியே வராதது. பெரும்பாலும் கணினி ஒலியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகப் புரொஜெக்டருக்குள் இருக்கிற குட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கணினி அமைப்பில் ஒலி வெளியேறும் வழியை மாற்றினால் தீர்ந்தது.

ஒலியளவைக் காலிக் கூடத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். கூட்டம் வந்தபின் அது குறைவாகக் கேட்கும், உடம்புகளும் உடைகளும் ஒலியை உறிஞ்சிவிடுவதால். ஆகவே விளக்கணைந்த முதல் ஐந்து நிமிடமும் ஒருவர் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்று கேட்க வேண்டும். அங்கிருந்து கையை உயர்த்தினால் கூட்டு, தாழ்த்தினால் குறை. இதைப் பெருமாள்கோவில் மணியக்காரர் பதவியாக மதித்து, சங்கத்திலேயே காது நல்ல ஒருவருக்குக் கொடுங்கள்.

ஃபேன் இங்கேயும் வரும். ஐந்தில் வைத்தால் பன்னிரண்டு ஃபேன்களின் இரைச்சலில் மெல்லிய உரையாடல் கரைந்துவிடும். அணைத்தால் ஏப்ரலில் யாரும் உட்கார மாட்டார்கள். படம் தொடங்குவதற்கு அரைமணி முன்பிருந்து ஐந்தில் ஓடவிட்டு, விளக்கணைந்ததும் இரண்டுக்கு இறக்குங்கள். எங்கள் மின்பணியாளர் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது.

கோப்பும் வசன எழுத்தும்

திரையிடப்போகும் அதே கணினியில், அதே கோப்பை, முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நடுவில் கொஞ்சம், கடைசிப் பத்து நிமிடம். கடைசியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வசன எழுத்து முதல் காட்சியில் கச்சிதமாகப் பொருந்தி, போகப்போகப் பின்தங்கிப் போகலாம். நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) ஓடிய படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25 சட்டத்துக்கு வேகப்படுத்தியிருப்பார்கள். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். உங்கள் கோப்பு அந்த வகையாகவும், எழுத்துக் கோப்பு மற்ற வகையாகவும் இருந்தால், முடிவில் மூன்றரை நிமிட இடைவெளி விழும். நாயகி இறந்தபின் அவள் பேசிய வசனம் வரும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்ட வேகத்தை மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும். முழுப் படத்திலும் ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் அது சிறு கோளாறு: படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டி எழுத்தை நகர்த்தலாம். ஜே, கே விசைகள் ஒலியை நகர்த்தும். கைதவறி அவற்றைத் தொட்டுவிட்டால் உதடு ஒருபக்கம், குரல் ஒருபக்கம்.

ஆங்கில எழுத்தோடு படம் போட்டால் யார் வராமல் போகிறார்கள் என்று பாருங்கள். தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் முதல் முறை வருவார்கள். எழுத்தைத் துரத்திக் களைத்து, இரண்டாம் முறை வர மாட்டார்கள். பருவத்துக்கு ஒரு படத்துக்காவது நீங்களே தமிழில் வசன எழுத்து செய்யுங்கள். வசனம் குறைவான படமாக எடுத்துக்கொண்டு, நான்கு பேர் பிரித்துக்கொண்டால் மூன்று வாரத்தில் முடியும். ஒரு வரிக்கு நான்கைந்து சொல், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பேசியதையெல்லாம் எழுத முனையாதீர்கள். முகம் சொல்லிவிட்டதை எழுத்தும் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை யூனிகோடில், யூ.டி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவந்தால் திரையில் கட்டம்கட்டமாகத்தான் வரும். நால்வரின் பகுதிகளையும் கடைசியில் ஒருவர் ஒட்டுமொத்தமாகப் படித்துத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் அரைமணியில் ‘நீ’ என்று பேசிய மகன் பிறகு அப்பாவை ‘நீங்கள்’ என்பான்.

கணினியில் வாட்ஸ்அப்பை மூடுங்கள், புதுப்பித்தலை ஒத்திப்போடுங்கள், உறக்க அமைப்பை நீக்குங்கள், மவுஸ் அம்பைத் திரைக்கு வெளியே தள்ளுங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பி பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் சாதாரணக் கம்பியில் படம் விட்டுவிட்டு வரும். அந்த நீளத்துக்கு ஒளியிழைக் கம்பி தனியே கிடைக்கிறது. மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் விசிறியும் நின்று, உள்ளே சூடு தங்கிவிடும். உடனே மறுபடி எரியாது. ஒரு சிறிய யு.பி.எஸ். ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும்.

சட்டம்

பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்வி நிறுவனம் தன் நடவடிக்கைகளின் ஒரு பகுதியாகத் திரைப்படம் காட்டுவதற்கு விலக்கு தருகிறது. ஆனால் பார்வையாளர்கள் அந்த நிறுவனத்தின் ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் நடவடிக்கைகளோடு தொடர்புடையவர்கள் என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆகவே சங்கத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் நடக்கிற ஒன்றாகப் பதிவாளரிடம் எழுத்தில் அங்கீகாரம் வாங்குங்கள். வாசலில் அடையாள அட்டை பாருங்கள். ஊருக்குள் சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் விற்று வெளியாரை வரவழைத்தால் இந்த விலக்கு உங்களைக் காக்காது. உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது. அண்மையில் மீட்டெடுத்த பிரதிக்கும், புதிதாக எழுதிய வசன எழுத்துக்கும் தனி உரிமை கோருகிறவர்கள் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓ.டி.டி. கணக்குகள் வீட்டில் தனியாகப் பார்ப்பதற்கென்று ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கப்படுபவை. கூடத்தில் அதைத் திறந்து ஓட்டுவது ஒப்பந்த மீறல். சுயாதீன இயக்குநர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், சிலர் சிறு தொகை கேட்பார்கள். எதுவானாலும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று: இளங்கலை முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். ‘ஏ’ சான்றிதழ் படம் 18 நிரம்பியவர்களுக்கு மட்டும். அந்த வாரம் வாசலில் நிற்பவருக்குச் சங்கடமான வேலைதான். சுவரொட்டியிலேயே பெரிதாக எழுதிவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

ஆட்கள்

தொடக்க விழாவில் நாற்பது பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்றாவது புதன்கிழமை ஏணி பிடிக்க யார் வந்தார்களோ அவர்கள்தான் சங்கம். அதற்காக மற்றவர்களைத் திட்டாதீர்கள். பார்வையாளராக வந்தாலே நல்லது. வேலைகளைச் சிறிதாக வெட்டிக் கொடுங்கள். “ஒருங்கிணைப்பாளர்” என்று பதவி கொடுத்தால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். “ஐந்தே முக்காலுக்குச் சாவி வாங்கி வா” என்றால் வாங்கி வருவார்கள்.

வாசலில் நிற்பவர் தாமதமாக வருகிறவர்களை உடனே உள்ளே விடக் கூடாது. திரையில் வெளிச்சமான காட்சி வரும்வரை நிறுத்திவைத்து, டார்ச்சைத் தரையில் மட்டும் அடித்து, ஓரத்து இருக்கையைக் காட்ட வேண்டும். கதவின் கீல் கிறீச்சிடாமலிருக்க எண்ணெய் விடுவதும் அவர் பொறுப்பு. கருவிக்குப் பக்கத்தில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர். அந்த இருவரும் அன்றைக்குப் படம் பார்க்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கதையில் லயித்துவிட்டால் வசன எழுத்து நின்றுபோனதுகூடத் தெரியாது.

காவலர், துப்புரவுப் பணியாளர்கள், மின்பணியாளர் ஆகியோரை உங்கள் நிகழ்ச்சிக்கு இடையூறாகப் பார்க்காதீர்கள், கூடம் அவர்களுடையது. பெயர் தெரிந்துகொள்ளுங்கள், பட்டியலை அவர்களுக்கும் கொடுங்கள். சுண்டல் பொட்டலத்தாளை நீங்களே பெருக்கி அள்ளிவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் காலை எட்டரைக்குக் கூடத்தைத் திறக்கிற அக்கா துறைத்தலைவரிடம் என்ன சொல்கிறார் என்பதில்தான் உங்கள் அனுமதி இருக்கிறது. தமிழ்ப் படம் போடுகிற ஞாயிறுகளில் எங்கள் காவலர் தன் நாற்காலியை வாசலுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வார். இடம் விடுங்கள்.

இனிப் பட்டியலை எடுக்கலாம்

வாக்கெடுப்பு வைக்காதீர்கள், எல்லோரும் ஏற்கெனவே பார்த்த படம்தான் ஜெயிக்கும். எங்கள் விதி வேறு: படத்தை முன்மொழிந்தவரே அதை முழுக்கப் பார்த்திருக்க வேண்டும், அவரே முன்னால் நின்று அறிமுகம் செய்ய வேண்டும். இந்த விதியைச் சொன்ன கணத்தில் ஐம்பது படப் பட்டியல் பதினைந்தாகும்.

முதல் திரையிடலுக்குத் தமிழ்ப் படம் வையுங்கள். ‘அந்த நாள்’ எனக்குப் பிடித்த தொடக்கம். பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943இல் நடக்கிற கொலை விசாரணை. ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சினிமா ரசனை என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்களும் கொலையாளி யார் என்று தெரியாமல் எழுந்து போக மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஆகவே ஞாயிறு. அதன்பின் ஒரு வாரம் கைப்பிடித்து அழைத்துப்போகிற படம், ஒரு வாரம் பொறுமை கேட்கிற படம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பொறுமை கேட்கிற படம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது வாரம் காலி இருக்கைகள்தான்.

அறிமுகம் மூன்று நிமிடம். எந்த ஆண்டு, யார், எங்கே எடுத்தார்கள், பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம். கதையைச் சொல்லக் கூடாது. வாங்கிய விருதுகளை வாசிக்கக் கூடாது. அறிமுகம் செய்பவர் தாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அதை அவர்களும் அறிவார்கள்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்று பலகையில் எழுதுவது அழகாக இருக்கும். எங்களுக்கு எட்டரை மணிக் கதவு இருப்பதால் அது முடியாது. வியாழன் மாலை நாலரைக்கு உணவக வேப்பமரத்தடியில் கூடுகிறோம். கூடத்தில் ஒலிவாங்கியைக் கண்டால் எழுந்து பத்து நிமிடம் உரையாற்றுகிறவர் ஒவ்வொரு வளாகத்திலும் ஒருவர் இருப்பார். கையில் தேநீரோடு நின்றால் அவருக்கும் பேச்சு சுருங்கிவிடுகிறது. யாராவது “படம் மனித வாழ்வின் அவலத்தைச் சொல்கிறது” என்று தொடங்கினால் “எந்தக் காட்சியில்?” என்று கேளுங்கள். உடனே வேறொருவர் அந்தக் காட்சியை மறுப்பார். பேச்சு நடந்துவிடும்.

பணமும் பெட்டியும்

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுச் சந்தா ஐம்பது ரூபாய் வாங்குங்கள். துணி, கம்பி, சுவரொட்டித் தாள், சுண்டல் ஆகியவற்றுக்குச் சரியாக இருக்கும். தர முடியாதவரிடம் கேட்காதீர்கள். வரவு செலவு ஒரே நோட்டில், இருவர் கையெழுத்தோடு.

சங்கங்கள் சாவது பெரும்பாலும் மே மாதத்தில். இறுதியாண்டு மாணவர்கள் தெரிந்ததையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டே ஊருக்குப் போய்விடுவார்கள். ஜூலையில் புதியவர்கள் புரொஜெக்டரின் ரிமோட் எங்கே என்று தேடத் தொடங்குவார்கள். ஜனவரி முதல் எல்லாத் திரையிடலையும் இளையவர்களே நடத்தட்டும். மூத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லட்டும். எங்களிடம் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. கம்பிகள், ஒவ்வொன்றிலும் எதிலிருந்து எதற்கு என்று எழுதி ஒட்டிய சீட்டு, ஒலி முனைமாற்றிகள், டார்ச், வெல்க்ரோ, எண்ணெய்ப் புட்டி. பிறகு ஒரு நீளநோட்டு. ஒவ்வொரு புதனும் கிளம்புவதற்கு முன் கருவிக்குப் பக்கத்தில் இருந்தவர் அதில் எழுத வேண்டும்: எத்தனை பேர் வந்தார்கள், ஒலியளவு எந்த எண்ணில் இருந்தது, என்ன கோளாறு, எப்படிச் சரியானது. “மூன்றாவது ஃபேன் சத்தம், மின்பணியாளர் அண்ணனிடம் சொல்லியாயிற்று” என்கிற அளவில் எழுதினால் போதும். படத்தைப் பற்றிய விமர்சனத்தை அதில் எழுத விடாதீர்கள். பெட்டிச் சாவி இரண்டு. ஒன்று இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், இன்னொன்று காவலர் அறை ஆணியில்.